ஐந்து சதவீதம் ஒரு பண்பாடாகுமா? வியூக விளையாட்டுகளில் நாகரிகங்களின் தனித்தன்மை: விவாத இழை

பாய்மரம் (இழையைத் தொடங்கியவர்):

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனுக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி விளையாட்டைக் கற்றுக்கொடுத்தேன். படைவீரர்கள் தமிழில் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் திராவிடர் நாகரிகத்தைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். அரை மணி நேரம் கழித்து, எதிரியின் கனரகக் குதிரைப்படை அவன் ஊருக்குள் புகுந்து விறகுவெட்டிகளை வெட்டிக்கொண்டிருந்தபோது, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "மாமா, நம்மிடம் மட்டும் ஏன் இந்தக் குதிரை இல்லை?"

அன்று இரவு சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்தக் கேள்வியே ஓடியது. தமிழ்நாட்டின் வெப்பத்தில் நல்ல போர்க்குதிரை இனம் பெருகவில்லை, கடல் கடந்துதான் வந்தது என்று சொன்னேன். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத் துறையில் இறங்கும் பொருள்களைச் சொல்லும்போது 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' முதலில் வருவதைக் காட்டினேன். பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேல் குதிரைகள் வாங்கப்பட்டன, ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட உயிரோடு இருக்காது என்று மார்க்கோ போலோ எழுதியிருப்பதையும் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

இதே நாகரிகத்துக்கு வேறொரு சலுகையும் உண்டு. அடுத்த யுகத்துக்கு முன்னேறும் ஒவ்வொரு முறையும் 200 மரம் இலவசமாகக் கிடைக்கும். பயனுள்ள சலுகைதான். ஆனால் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. 200 மரத்துக்குப் பின்னால் கேட்பதற்கு எதுவும் இல்லை.

ஒரு நாகரிகத்தின் தனித்தன்மை, ஆடுபவரை 'ஏன்' என்று கேட்கவைக்க வேண்டும். கூடுதலாகக் கொடுக்கப்படும் ஐந்து சதவீதமும் பத்து சதவீதமும் அதைச் செய்வதில்லை. இல்லாமையும் மாறிய விதியும்தான் செய்கின்றன. 2000-இல் வந்த தி கான்கரர்ஸ் விரிவாக்கத்தில் ஹூணர்களுக்கு வீடு கட்டத் தேவையில்லை என்று வைத்தார்கள். நாடோடிகள் என்று எந்தக் குறிப்பும் எழுதாமலே அது புரிந்துவிடுகிறது. அதே விரிவாக்கத்தில் வந்த அஸ்டெக்குகளுக்கும் மாயர்களுக்கும் குதிரைலாயமே கிடையாது. கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் குதிரை இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

உங்கள் கருத்து என்ன? எந்த விளையாட்டு, எந்த நாகரிகம் உங்களை இப்படிக் கேட்கவைத்தது?

*

கோட்டைமதில்:

நல்ல தொடக்கம். ஆனால் சதவீதத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். பத்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த விளையாட்டைப் போட்டிக்காக ஆடி வருகிறேன். நாற்பதுக்கும் மேற்பட்ட நாகரிகங்கள் இருக்கும் விளையாட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி விதி என்றால், எதிரி என்ன செய்வான் என்று கணிக்கவே முடியாது. கணிக்க முடியாத ஆட்டத்தில் திறமைக்கு இடமில்லை. எல்லாரிடமும் ஒரே தொழில்நுட்ப மரம், ஒரே கட்டடங்கள், அவற்றில் சிறிய வேறுபாடுகள் என்ற அடித்தளம் இருப்பதால்தான் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் மக்கள் இதை ஆடுகிறார்கள்.

எண் சிறியதாக இருப்பதால் விளைவும் சிறியதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரித்தானியரின் வில்லாளிகளுக்குக் கோட்டை யுகத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதல் தூரம். தாளில் பார்த்தால் வெறும் ஒன்று. களத்தில் அந்த ஒன்று எதிரி வில்லாளியை நெருங்கவிடாமல் அடிக்கிறது, கோபுரத்தின் எல்லைக்கு வெளியே நிற்கவைக்கிறது, படையை எங்கே நிறுத்துவது என்ற முடிவையே மாற்றுகிறது. சீனர்கள் மூன்று குடியானவர்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு தொடங்குவார்கள், ஆனால் கையில் உணவும் மரமும் குறைவு. முதல் ஒரு நிமிடத்தில் கை நடுங்கும். ஓர் எண் ஏதாவது ஒரு வாசலைத் தாண்டும்போது அது விதியாகிவிடுகிறது. நல்ல வடிவமைப்பாளருக்கு அந்த வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

திராவிடரைப் பற்றி இன்னொன்று. 2022-இல் இந்திய வம்சங்களின் விரிவாக்கம் வந்தபோது இந்திய நாகரிகங்கள் எதற்குமே நைட் என்ற கனரகக் குதிரைவீரனைக் கொடுக்கவில்லை. கூர்ஜரருக்கும் இந்துஸ்தானியருக்கும் ஒட்டகம் இருக்கிறது, வேகமான மாற்று வழி இருக்கிறது. திராவிடரிடம் யானையும் காலாட்படையும் கப்பலும்தான். திறந்தவெளியான அரேபியா வரைபடத்தில் அவர்களை எடுத்துக்கொண்டு வேகமான எதிரியைத் துரத்திப் பாருங்கள். வரலாறு சரியாக இருக்கலாம். தோற்பவனுக்கு அது ஆறுதல் ஆகாது.

*

புதியவன்:

ஒரு சின்னக் கேள்வி, அண்ணன்மார்களே. நான் சிவிலைசேஷன் ஆறாம் பதிப்பிலிருந்துதான் ஆடுகிறேன். தொடக்கத்திலிருந்தே நாகரிகங்களுக்குத் தனிப் பண்புகள் இருந்தனவா?

*

பாய்மரம்:

இல்லை, தம்பி. 1991-இல் வந்த முதல் சிவிலைசேஷனில் ரோமரை எடுத்தாலும் ஜூலுவை எடுத்தாலும் உன் கையில் இருக்கும் விதிகள் ஒன்றே. கணினி நடத்தும் தலைவர்களின் குணம்தான் வேறுபட்டது. 2001-இல் மூன்றாம் பதிப்பில்தான் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் இரண்டு குணங்களும் ஒரு தனிப் படைப்பிரிவும் வந்தன. வணிகம், சமயம், போர், அறிவியல், உழைப்பு, விரிவாக்கம் என்று ஆறு குணங்களைக் கலந்து கொடுத்தார்கள். இந்தியாவுக்கு வணிகமும் சமயமும், கூடவே போர்யானை. நான்காம் பதிப்பில் குணங்கள் நாட்டை விட்டுத் தலைவருக்குப் போயின. ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித் திறன்.

கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பதிப்பில் ஒரு நிரல் பிழையால் காந்தி அணுகுண்டு வீசினார் என்று இணையத்தில் பரவிய கதை உண்மையில்லை. அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று அந்த விளையாட்டை உருவாக்கிய சித் மெய்யர் 2020-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதிவிட்டார். ஐந்தாம் பதிப்பில் அணுகுண்டு நாட்டத்தை வேண்டுமென்றே உயர்த்தி வைத்தது மட்டும் உண்மை.

*

வடகரை:

நீங்கள் இருவரும் 'எப்படிக் கொடுப்பது' என்று பேசுகிறீர்கள். 'எதைக் கொடுப்பது' என்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஐந்தாம் பதிப்பின் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் திறனுக்கு 'மக்கள்தொகைப் பெருக்கம்' என்று பெயர். நகரங்களின் எண்ணிக்கையால் வரும் அதிருப்தி இரட்டிப்பு, குடிமக்களின் எண்ணிக்கையால் வரும் அதிருப்தி பாதி. ஆடுவதற்கு நன்றாகவே இருக்கிறது, சில பெரிய நகரங்களோடு நிறுத்திக்கொள்ளத் தூண்டுகிறது. ஆனால் இந்தப் பண்பு எங்கிருந்து வந்தது? இருபதாம் நூற்றாண்டுச் செய்தித்தாள் தலைப்பிலிருந்து வந்தது. அதை எடுத்துப் பொ.ஆ.மு. 4000-இல் தொடங்கும் ஒரு நாட்டின் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்கள். பாய்மரம் சொல்வதுபோல இதுவும் 'ஏன்' என்று கேட்கவைக்கும். கிடைக்கும் பதில்தான் தவறானது.

ஐரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற விளையாட்டு இதைவிட மோசமாகத் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் அதில் தொழில்நுட்பக் குழுக்கள் என்ற ஏற்பாடு இருந்தது. மேற்கத்தியக் குழுவுக்குத் தொழில்நுட்பம் மலிவு, இந்தியருக்கும் சீனருக்கும் விலை அதிகம், அமெரிக்கப் பழங்குடியினருக்கு இன்னும் அதிகம். 1444-இல் ஆட்டம் தொடங்கும்போதே விஜயநகரம் மந்தபுத்தி என்று தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும். தப்பிக்க ஒரே வழி மேற்கத்தியமாவது. 2016-இல் அதை நீக்கினார்கள். மறுமலர்ச்சி, அச்சு இயந்திரம் போன்றவை ஓரிடத்தில் தோன்றி மெல்லப் பரவும் என்று மாற்றினார்கள். அதன் பிறகுதான் அந்த விளையாட்டில் தக்காணத்தை எடுத்து ஆட எனக்கு மனம் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிவிலைசேஷன் 6-இல் 2018-இல் கனடாவின் பழங்குடியினரான க்ரீ மக்களைச் சேர்த்தார்கள், தலைவர் பவுண்ட்மேக்கர். அவர்களுடைய வணிகர் முதன்முறை கால்வைக்கும், யாருக்கும் சொந்தமில்லாத, நகரத்துக்கு அருகிலுள்ள நிலம் க்ரீ எல்லைக்குள் சேர்ந்துவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய பவுண்ட்மேக்கர் க்ரீ நேஷனின் தலைவர்களில் ஒருவர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். நிலத்தை வென்று சேர்ப்பது குடியேற்றக்காரர்களின் விழுமியம், அது எங்களுக்கும் இருந்தது என்ற பொய்யை இது பரப்புகிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். பவுண்ட்மேக்கர் 1885-இல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டவர். கனடா அரசு அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2019-இல்தான். அப்படிப்பட்ட ஒருவரின் மக்களுக்கு 'நிலத்தைச் சேர்த்துக்கொள்' என்ற பண்பைக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்டவர்களும் உண்டு. ஐந்தாம் பதிப்பில் அமெரிக்கப் பழங்குடியினரான புவெப்லோ மக்களைச் சேர்க்க நினைத்தபோது அவர்களின் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள். அதை மதித்து அவர்களை விட்டுவிட்டு மற்றொரு பழங்குடியினரான ஷோஷோனியரைச் சேர்த்தார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 2020-இல் மறுபதிப்பானபோது இராகுவாய், சூ என்ற பெயர்களை நீக்கி, அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் ஹோடனஷோனி, லக்கோட்டா என்ற பெயர்களை வைத்தார்கள். தீக்குழியைச் சுற்றி மக்கள் நடனமாடும் கட்டடத்தையும் எடுத்துவிட்டார்கள்.

*

கல்வெட்டு வாசகி:

வடகரை அவர்கள் சொன்னதைத் தொடர்ந்து நம் வீட்டுக் கதையைப் பேசலாம். கல்வெட்டுகள் படிப்பது என் தொழில், விளையாட்டு என் மாலைநேரம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சம அளவில் உண்டு.

முதலில் 'திராவிடர்' என்ற பெயர். இந்தியாவின் மற்ற மூவருக்கும் இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர் என்று நிலமோ குலமோ சார்ந்த பெயர் வைத்தவர்கள், தெற்கு முழுவதையும் ஒரு மொழிக்குடும்பத்தின் பெயருக்குள் அடக்கிவிட்டார்கள். சோழரும் சாளுக்கியரும் தலைமுறை தலைமுறையாக எல்லைக்குப் போரிட்டவர்கள். இந்தப் பெயரின்படி இருவரும் ஒன்று. விளையாட்டில் திராவிடரின் தனிக் கப்பலுக்குத் திரிசடை என்று பெயர். நமக்கெல்லாம் திரிசடை என்றால் அசோகவனத்தில் சீதைக்குத் துணையிருந்த வீடணன் மகள்தான் நினைவுக்கு வருவாள். வளையும் வாளோடு வரும் உறுமி வீரன் என்பவனைப் பாருங்கள். தமிழ்நாட்டில் உறுமி என்றால் மேளம். அந்த வளையும் வாளைச் சுருள்வாள் என்போம். ஒருவர் தனியாக நின்று சுழற்ற வேண்டிய ஆயுதம் அது. பக்கத்தில் தோழன் நிற்கும் படைவரிசையில் அதை எப்படி வீசுவது?

ஆனால் அதே நாகரிகத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றும் இருக்கிறது. ஊட்ஸ் எஃகு என்ற தனித் தொழில்நுட்பம், காலாட்படையின் அடி எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் இறங்கும்படி செய்கிறது. உருக்கு என்ற நம் சொல்லோடும் கன்னட உக்கு என்ற சொல்லோடும் உறவுடைய பெயர் அது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். இங்கே பண்பு ஒரு கைத்தொழிலிலிருந்து பிறந்திருக்கிறது. கோட்டைமதில் சொன்ன 'வாசலைத் தாண்டுவது' இதற்கும் பொருந்தும். எவ்வளவு கவசம் போட்டாலும் பயனில்லை என்றால் எதிரி தன் படையையே மாற்றியாக வேண்டும்.

இப்போது 2025-இல் வந்த சிவிலைசேஷன் 7. அதில் சோழர் தனி நாகரிகமாக, நடுவிலுள்ள கடலாய்வு யுகத்தில் வருகிறார்கள். அவர்களின் கடற்படைக் கப்பலுக்குப் பெயர் கலம். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்ற அடியைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போது என்ன தோன்றும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதைவிட எனக்கு வியப்பு, தனிக் கட்டடங்கள் இரண்டுக்கும் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று பெயர் வைத்து, இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் பெயரால் ஒரு பகுதி உருவாகும்படி அமைத்திருப்பது. இவை வணிகக் குழுக்களின் பெயர்கள். கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இருக்கின்றன. தாய்லாந்தின் தகுவாபாவில் ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாரிடம் இருந்ததை அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. சுமத்திராவின் பாரூசில் 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் வருகிறார்கள். சோழர் என்றதும் புலிக்கொடியும் வாளும் என்று நிறுத்திவிடாமல் வணிகக் குழுவைத் தேடிப் பிடித்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.

வருத்தம் எங்கே என்றால், அந்த விளையாட்டில் யுகம் மாறும்போது நாகரிகமும் மாற வேண்டும் என்று வைத்தார்கள். மௌரியர், பிறகு சோழர், பிறகு முகலாயர் என்பது அவர்கள் போட்டுக் கொடுத்த இயல்பான வழி. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டே சோழரையும் பாண்டியரையும் சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் தன் ஆட்சிக்கு வெளியே உள்ளவர்கள் என்று சொல்கிறது. மௌரியர் காலத்திலேயே சோழர் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். அண்டை வீட்டுக்காரரை வாரிசு ஆக்கியிருக்கிறார்கள்.

*

இரணைமடு:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வாசகி அக்காவின் பதிவை இருமுறை வாசித்தேன். சோழரின் கலம் திரையில் ஓடும்போது எனக்கும் சிலிர்க்கிறது. ஆனால் அந்தக் கலம் கரையிறங்கிய இடங்களில் ஒன்றில் இருந்து பார்க்கிறவன் நான். அநுராதபுரம் வீழ்ந்ததும், பொலன்னறுவை சோழரின் ஜனநாதமங்கலம் ஆனதும் இந்தத் தீவின் கதை. பண்பு என்று ஒன்றைக் கொடுக்கும்போது அதை யார் மீது பயன்படுத்தினார்கள் என்ற பக்கமும் எங்காவது தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் சொல்ல வந்தது நீர். எங்கள் வறண்ட வலயத்தில் குளங்கள் தொடராக இருக்கும். மேல் குளம் நிறைந்து வழிந்தால் கீழ்க் குளத்துக்குத் தண்ணீர். மேலே ஓர் ஊர் தன் குளக்கட்டைப் பராமரிக்கத் தவறினால் கீழே நான்கு ஊர் கெடும். தமிழ்நாட்டில் ஏரி என்பீர்கள், கலங்கல், மதகு, எல்லாம் ஒரே அறிவு. சிவிலைசேஷன் 6 இந்தியாவுக்குப் படிக்கிணற்றைக் கொடுத்தது. அது குஜராத்துக்கும் ராஜஸ்தானுக்கும் உரியது. ஏரித்தொடரை இதுவரை எந்த விளையாட்டும் தொடவில்லை. ஒன்றையொன்று நம்பியிருக்கும் நீர்நிலைகளைக் கட்டுவது, தூர்வாராவிட்டால் உடைப்பெடுப்பது, மேல்மடைக்காரனோடு உடன்பாடு செய்துகொள்வது: இதில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது!

ஆனால் இதை எந்த நாகரிகத்துக்குக் கொடுப்பீர்கள்? சோழருக்கா, பாண்டியருக்கா, சிங்கள மன்னன் பராக்கிரமபாகுவின் பொலன்னறுவைக்கா? மூவருக்கும் உரியது. மழை ஒரு பருவத்தில் கொட்டி மறு பருவத்தில் பொய்க்கும் நிலத்தில் வாழ்ந்த எல்லாருக்கும் உரியது. அதனால் பண்பை மக்களோடு கட்டாமல் நிலத்தோடு கட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

*

கோட்டைமதில்:

இரணைமடு சொல்வது அழகான யோசனை. ஆனால் எல்லாரும் கட்டலாம் என்றால் நாகரிகத்துக்கு நாகரிகம் என்ன வேறுபாடு மிஞ்சும்? ஹியூமன்கைண்ட் என்ற விளையாட்டு 2021-இல் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தது. ஆறு யுகங்கள், யுகத்துக்குப் பத்தாக அறுபது பண்பாடுகள். ஒவ்வொரு யுகத்திலும் விருப்பமானதை எடுத்துக்கொள்ளலாம். எகிப்தியராகத் தொடங்கி, செல்டுகளாகி, அப்படியே போகலாம். மூன்றாவது யுகத்தில் என் பக்கத்து நாட்டுக்காரர் யார் என்றே எனக்கு நினைவில்லை. நிறத்தை வைத்து 'சிவப்பு' என்றுதான் அழைத்தேன். அவர்மீது எனக்குப் பகையும் வரவில்லை, நட்பும் வரவில்லை.

*

நிரலாளர் மதுரை:

இவ்வளவு நாள் படித்துவிட்டுப் போகிறவன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. சிவிலைசேஷன் 5-க்குப் பாண்டியர் நாகரிகம் ஒன்றை நிரலாக்கி நண்பர்கள் வட்டத்தில் ஆடி வருகிறேன். பாய்மரம் கேட்டதற்கு என் அனுபவமே பதிலாக இருக்கும்.

முதல் வடிவத்தில் கொற்கை முத்தை நினைத்து, முத்து உள்ள கட்டங்களுக்குக் கூடுதல் பொன் கொடுத்தேன். தரவுத்தளத்தில் ஒரே ஒரு வரி. பத்து நிமிட வேலை. நான்கு நண்பர்கள் ஆடினார்கள். ஒருவர்கூட அது இருப்பதைக் கவனிக்கவில்லை. நாற்பது திருப்பம் (ஆடும் முறை) கழித்து ஒருவர் "உன் பாண்டியருக்கு என்ன சிறப்பு?" என்று என்னையே கேட்டார். அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டாவது வடிவத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பாண்டியரின் நிலத்தில் குதிரை இருந்தாலும் அது படைக்கு உதவாது. ஒவ்வொரு கடல்வழி வணிகப் பாதைக்கும் இரண்டு குதிரைகள் வரும். பாதை அறுந்தால் குதிரையும் நின்றுவிடும், ஏற்கெனவே உள்ள குதிரைப்படை வலுவிழக்கும். இதைச் செய்ய விளையாட்டில் நேரடி வழி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு போலிக் கட்டடத்தை உருவாக்கி, அது குதிரையைத் தரும்படி அமைத்து, பாதைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அதைத் தலைநகரில் சேர்க்கவும் நீக்கவும் லுவா என்ற நிரல்மொழியில் எழுத வேண்டியிருந்தது. மூன்று வாரம் ஆயிற்று.

அதே நால்வர் மறுபடியும் ஆடினார்கள். இந்த முறை ஒருவர் முதல் நகரத்தையே இடம்மாற்றிக் கடற்கரைக்குப் போனார். இன்னொருவர் தன் குதிரைகள் வரும் துறைமுகத்தைக் காக்க மூன்று கப்பல்களை அங்கேயே நிறுத்திவைத்தார். மூன்றாமவர் எங்களில் மிகவும் சண்டைக்காரர். அவர் முதல்முறையாக ஒரு நகர அரசோடு போர் தொடுக்க மறுத்தார். காரணம் கேட்டேன். "அவனிடமிருந்துதான் என் குதிரை வருகிறது" என்றார். நான் எங்கேயும் பாண்டியர் வரலாறு எழுதிவைக்கவில்லை. ஆனால் துறைமுகத்தைக் காப்பதும், அயல்நாட்டு வணிகரோடு இணக்கமாக இருப்பதும் தானாகவே வந்துவிட்டன.

கோட்டைமதில் சொல்லும் தொல்லையும் உண்மை. கணினி நடத்தும் பாண்டியருக்கு இந்த விதி புரியவே இல்லை. அது தரைவழிப் பாதைகளையே அனுப்பிக்கொண்டிருந்தது. குதிரைப்படையே இல்லாமல் அண்டை நாட்டிடம் நூறு திருப்பத்துக்குள் அழிந்தது. கடைசியில் கணினி ஆடும்போது மட்டும் சில குதிரைகளை இலவசமாகக் கொடுத்துவிட்டேன். மனம் ஒப்பாத சமரசம். பெரிய நிறுவனங்கள் ஏன் சதவீதத்தையே நாடுகின்றன என்று அன்று புரிந்தது. சதவீதத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

*

கோட்டைமதில்:

அந்தக் குதிரைப் பாதை விதியை நான் ஆட வேண்டும், அனுப்பிவையுங்கள். ஒரே ஒரு கேள்வி. உள்நாட்டு வரைபடத்தில், கடலே இல்லாத இடத்தில் பாண்டியர் என்ன செய்வார்கள்? ஒரு நாகரிகம் வரைபடம் தீர்மானித்த நொடியிலேயே தோற்றுவிடக் கூடாது. எண்ட்லெஸ் லெஜண்ட் என்ற விளையாட்டு இதில் துணிச்சலானது. அதில் ப்ரோக்கன் லார்ட்ஸ் என்ற இனத்தார் உணவே உண்ண மாட்டார்கள், மக்கள்தொகையைப் பணம் கொடுத்துத்தான் பெருக்க வேண்டும். ரோவிங் கிளான்ஸ் யார்மீதும் போர் அறிவிக்கவே முடியாது. கல்டிஸ்ட்ஸுக்கு ஒரே ஒரு நகரம். ஆனால் எந்த வரைபடத்திலும் அவர்களுக்கு வாழ வழி உண்டு. கற்பனை உலகம் என்பதால் அந்த உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. வரலாற்றுக்கு அந்த வசதி இல்லை.

*

பாய்மரம்:

வரலாற்றை வைத்தும் துணிந்தவர்கள் இருக்கிறார்கள். சிவிலைசேஷன் 6-இல் நியூசிலாந்தின் மாவோரிகள் ஆட்டத்தை நடுக்கடலில் தொடங்குகிறார்கள். மற்ற எல்லாரும் முதல் திருப்பத்தில் ஊர் கட்டிக்கொண்டிருக்க, நீங்கள் இரண்டு படகுகளோடு கரை தேடிக்கொண்டிருப்பீர்கள். முதல் முறை ஆடியபோது கரை தெரியாமல் ஏழெட்டுத் திருப்பம் போனது. அந்தப் பதைப்பும், தூரத்தில் ஒரு பச்சைக் கட்டம் தெரிந்தபோது வந்த நிம்மதியும் இன்றும் நினைவிருக்கிறது. அவர்களுக்குக் காடு வெட்டாமல் இருந்தால்தான் உற்பத்தி. நிலத்திலுள்ள வளத்தை அறுவடை செய்து தீர்த்துவிட அவர்களுக்கு அனுமதியே இல்லை. எழுத்துமொழி இல்லாதிருந்த மக்கள் என்பதால் பேரெழுத்தாளர்கள் தோன்ற மாட்டார்கள். இல்லாமைகளை வைத்தே ஒரு முழு வாழ்க்கையைக் கட்டியிருக்கிறார்கள். கடலே இல்லாத வரைபடத்தில் அவர்களும் தடுமாறுவார்கள்தான். அதற்காக அந்த வடிவமைப்பைக் கைவிட்டிருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு!

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4-இல் மங்கோலியர் கட்டடங்களையே வண்டியில் ஏற்றிக்கொண்டு இடம் மாறுவார்கள், மதில் கட்ட முடியாது. டெல்லி சுல்தானகத்துக்கு எல்லா ஆராய்ச்சியும் இலவசம், ஆனால் மிக மெதுவாக நடக்கும். மசூதியில் அறிஞர்களைக் குடியமர்த்தினால்தான் வேகம் பிடிக்கும். இந்த இரண்டையும் எதிரெதிராக ஆடும்போது ஒருவன் நிலையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, மற்றவன் அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டு காத்திருப்பான். இது போட்டி ஆட்டமும்தான், கோட்டைமதில்.

*

வடகரை:

மாவோரி எடுத்துக்காட்டை ஏற்கிறேன். நிரலாளரின் குதிரையையும் ஏற்கிறேன். யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்தவற்றுக்கும் பிடிக்காதவற்றுக்கும் இடையே ஒரு கோடு தெரிகிறது. குதிரை இல்லாத நிலம், கடலில் வந்த பயணம், வணிகக் குழு, உருக்கு உலை: இவையெல்லாம் ஒரு மக்கள் தங்களுக்கு வாய்த்த சூழலில் செய்தவை. 'மக்கள்தொகை', 'பின்தங்கிய குழு' என்பவை வெளியிலிருந்து ஒருவர் அவர்களைப் பார்த்துச் சொன்னவை.

இரணைமடுவுக்கும் கோட்டைமதிலுக்கும் இடையே நின்ற கேள்விக்கு க்ரூஸேடர் கிங்ஸ் 3 என்ற விளையாட்டு ஒரு வழி காட்டுகிறது. 2022-இலிருந்து அதில் பண்பாடுகளுக்கு மரபுகள் உண்டு. இரு பண்பாட்டு மக்கள் நெடுநாள் இணக்கமாக வாழ்ந்தால் இரண்டின் மரபுகளையும் கலந்த புதிய பண்பாட்டை ஆட்சியாளர் உருவாக்கலாம். ஏரித்தொடரை அப்படி வைக்கலாம். வறண்ட நிலத்தில் யார் வாழ்ந்தாலும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் ஏற்கெனவே கற்றவரோடு வாழ்ந்தால் விரைவாகக் கற்கலாம்.

*

இரணைமடு:

அதுவே போதும் எனக்கு. வாசகி அக்கா, உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததாகப் படித்திருக்கிறேன். சரியா?

*

கல்வெட்டு வாசகி:

சரிதான். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று தனித்தனியாக இருந்தன. உறுப்பினர்களைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். ஒருமுறை இருந்தவர் உடனே மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. ஏரியை விளையாட்டில் சேர்ப்பதானால் அதைப் பராமரிக்கும் ஆட்களை அரசன் நியமிக்க முடியாது என்று விதி வையுங்கள். தூர்வாருவதை ஊர்தான் முடிவு செய்யும். அரசனுக்கு எரிச்சல் வரட்டும்.

*

நிரலாளர் மதுரை:

ஆடுபவரின் கையிலிருந்து ஒரு முடிவைப் பறித்து ஊரிடம் கொடுப்பது... இதை எப்படி எழுதுவது என்று இப்போதே மனம் ஓடுகிறது. ஆனால் முதலில் குதிரையை முடிக்க வேண்டும். கோட்டைமதில், கடலில்லாத வரைபடத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வணிகர் ஒருவரைத் தனி அலகாக (ஆடுபவர் நகர்த்தும் ஆளாக) தரைவழியே அயல்நாட்டுக்கு அனுப்பினால், திரும்பி வரும்போது ஒரு குதிரை கொண்டுவருவார். கடல்வழியில் கிடைப்பதில் பாதிதான், வழியில் கொள்ளை போகவும் கூடும். அந்த அலகுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. 'குதிரை வணிகர்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். திரையில் படிக்கும்போது ஒட்டவில்லை.

*

கல்வெட்டு வாசகி:

தேட வேண்டியதில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே மலைமண்டலமாகிய சேரநாட்டிலிருந்து வந்த அந்த வணிகர்கள் இருக்கிறார்கள். குதிரைச்செட்டி.

*

நிரலாளர் மதுரை:

வைத்துவிட்டேன். இன்று இரவு கோப்பை அனுப்புகிறேன்.